காய் விற்கிறவருக்குப் பருப்பு விலை

"காய்க்கு விலை இல்லைன்னா பருப்பாக்கிப் போட வேண்டியதுதானே?" தேங்காய் விலை சரியும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுகிறார். பெரும்பாலும் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். அந்தப் பருப்புக்கு, அதாவது காயவைத்த கொப்பரைக்கு, மத்திய அரசு ஆதார விலை அறிவிக்கிறது, தேசிய வேளாண் கூட்டுறவு விற்பனை இணையமான நாஃபெட் வாங்குகிறது, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொள்முதல் மையம் திறக்கிறார்கள். இத்தனையும் இருக்கும்போது தோப்புக்காரர் பத்து ரூபாய்க்குக் காயை இறக்கிக் கொடுத்துவிட்டுப் புலம்புகிறார் என்றால் தவறு அவர் மேல்தான் என்று தோன்றுவது இயல்பு. அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. சொல்ல முடியாததாலேயே அது உண்மை போல ஊரெல்லாம் சுற்றி வருகிறது.

ஆதார விலை பருப்புக்கு. தோப்புக்காரர் விற்பது காய். கொங்குப் பக்கம் கொப்பரையைப் பருப்பு என்றுதான் சொல்வார்கள். அவல்பூந்துறை, வெள்ளகோவில், முத்தூர் ஏலங்களில் எல்லாம் அதுதான் பெயர். காய்க்கும் பருப்புக்கும் நடுவில் ஒரு வார வெயிலும், ஒரு சிமெண்ட் களமும், நாலு பேர் கையும், அதுவரை காத்திருக்கப் பணமும் வேண்டும். இந்த நாலும் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் ஆதார விலை. மட்டை உரித்த முற்றிய காய்க்கும் கொப்பரை விலையை வைத்து அரசு ஒரு விலை அறிவிப்பது உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் கொள்முதல் மையத்தின் தராசில் ஏறுவது கொப்பரைதான்.

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் காய் எப்படிக் கைமாறுகிறது என்று பார்த்தால் இது புரியும். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளுக்கு ஒரு வெட்டு. வியாபாரிதான் ஆட்களை அனுப்புகிறார். மூங்கில் தொரட்டியில் கட்டிய அரிவாளோடு வருகிறவர்கள் அவருடைய ஆட்கள், காயை ஏற்றும் வண்டி அவருடையது. எண்ணிக்கைக்கு வாங்கினால் நூற்றுக்கு இத்தனை என்று விலையில்லாமல் எடுக்கும் லாபக்காய் கழியும். டன் கணக்கு என்றால் எடை போடுகிற இடத்தில் கழியும். பணம் அன்றைக்கோ மறுநாளோ கைக்கு வந்துவிடும். பல தோப்புகளில் அடுத்த வெட்டுக்கான முன்பணமும் அவரிடமிருந்து ஏற்கெனவே வந்திருக்கும். விலை படுத்துக் கிடக்கும்போது அவரிடமிருந்து வரும் போன் இப்படித்தான் இருக்கும்: "அண்ணா, காய் எறக்கிடலாமுங்ளா, இல்ல அடுத்த வெட்டுக்குப் பாத்துக்கலாமுங்ளா?" விலை பேசும் கேள்வி அதில் இல்லை. வெட்டைத் தள்ளிப் போட்டால் நெற்று தானே விழும், காட்டுப் பன்றியும் எலியும் எடுத்தது போக மிச்சம், கரண்டுக்கும் ஆளுக்கும் வைத்திருந்த பணம் நின்றுபோகும். முன்பணம் வாங்கியவர் வேறு யாருக்கும் காயைக் காட்டவும் முடியாது.

2023 கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்ணெய் ஆட்டும் அரவைக் கொப்பரைக்கு அந்த ஆண்டு ஆதார விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய், கிலோவுக்கு 108 ரூபாய் 60 காசு. தோப்பில் காய் 10 ரூபாயைச் சுற்றி நின்றது. வெளிச்சந்தையில் பருப்பு கிலோ 80 ரூபாயைத் தொடவே திணறியது. 78 என்று வைத்துக்கொள்வோம். நல்ல நெட்டை ரகத்தில் ஏழு காய்க்கு ஒரு கிலோ பருப்பு விழும். ஆக 1,000 காய்க்கு 143 கிலோ. காயாகவே கொடுத்தால் 10,000 ரூபாய். பருப்பாக்கி வெளியில் விற்றால் ஏறக்குறைய 11,150. கொள்முதல் மையத்தில் போட்டால் 15,500. மட்டையும் தொட்டியும் (சிரட்டையும்) விற்ற காசு உரிகூலிக்குச் சரியாகிவிடும் என்று தாராளமாகவே விட்டுவிடுவோம். அப்படியும் வெளிச்சந்தைக்குப் பருப்பாக்குகிறவருக்கு ஒரு வார வேலைக்கு மிஞ்சுவது ஆயிரத்துச் சொச்சம். உடைக்க, காயவைக்க, தொட்டி எடுக்க வரும் ஆட்களின் கூலியிலேயே அது தீர்ந்துவிடும். பருப்பாக்கும் உழைப்புக்குச் சந்தை எதுவும் தருவதில்லை. தருவது ஆதார விலை மட்டுமே. அதனால் மையத்தின் வாசலில் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த வாசலுக்குப் போகும் முன்பு களத்தைப் பார்த்துவிட வேண்டும்.

களம்

முற்றிய காயின் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். கொப்பரையில் இருக்க அனுமதி 6 சதவீதம். 1,000 காயில் ஈரப்பருப்பு 270 கிலோ அளவுக்கு இருக்கும். 143 கிலோவாக ஆக வேண்டும். கிட்டத்தட்ட 127 லிட்டர் தண்ணீரை வெயில் எடுத்துப் போக வேண்டும் என்பதுதான் பருப்பாக்குவது என்ற சொல்லின் முழு அர்த்தம்.

உரித்த காயை நடுவில் இரண்டாக உடைத்து, தண்ணீரை வடித்து, பருப்பு வானத்தைப் பார்க்கும்படி பரப்ப வேண்டும். 1,000 காய் 2,000 மூடி. ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பரப்ப ஏறக்குறைய 300 சதுர அடி வேண்டும். ஐந்து ஏக்கர் தோப்பில் ஒரு வெட்டுக்கு 5,000 காய் இறங்கினால் 1,500 சதுர அடி சிமெண்ட் தரை ஆறேழு நாளைக்குத் தேவை. முதல் நாள்தான் முக்கியம். உடைத்த நாளிலேயே நல்ல வெயில் கிடைக்காவிட்டால் அன்றிரவே வழவழப்பு கட்டும், மறுநாள் மஞ்சளாகும், அதற்கு மறுநாள் பூஞ்சை. இரண்டாம் மூன்றாம் நாளில் பருப்பு சுருங்கித் தொட்டியை விட்டு விலகத் தொடங்கும். அப்போது பட்டைக் கம்பியை ஓரத்தில் கொடுத்து நெம்பினால் முழு மூடியாகக் கழன்று வரும். அவசரப்பட்டு நெம்பினால் சில்லுச் சில்லாக உடையும், சில்லுக்கும் தர அளவில் வரம்பு உண்டு. தொட்டி எடுத்தபின் இன்னும் நாலைந்து நாள், இடையிடையே புரட்டிவிட்டு, சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு, காலையில் பனி விலகியபின் திரும்பவும் பரப்ப வேண்டும்.

இதில் ஊர் குறுக்கே வருகிறது. காங்கேயத்தில் இத்தனை களம் ஏன் இருக்கிறது என்றால் அங்கே காய் அதிகம் காய்ப்பதால் அல்ல, வெயிலும் வறண்ட காற்றும் ஆண்டின் பெரும்பகுதி கிடைப்பதால்தான். பொள்ளாச்சிக் காய், கேரளக் காய் எல்லாம் அங்கே போய்க் காய்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவம் தொடங்கினால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனைமலைப் பக்கம் காற்றும் சாரலும் வந்துகொண்டே இருக்கும். தோப்பு இருக்கும் இடத்தில் வெயில் இல்லை, வெயில் இருக்கும் இடத்தில் தோப்பு இல்லை. கொள்முதலுக்குத் திறக்கும் மாதங்களில் ஒரு பகுதி இந்தச் சாரல் மாதங்களிலேயே கழிந்துவிடுகிறது. சூரிய கூடார உலர்த்திக்கு மானியம் இருக்கிறது, அது நல்ல சாதனம்தான். ஆனால் பெரும்பாலும் பின்னேற்பு மானியம். முழுத் தொகையையும் முதலில் கையிலிருந்து போட்டுக் கட்டி முடித்த பிறகுதான் பங்கு திரும்ப வரும். காய் 10 ரூபாய் விற்கிற வருடத்தில் அந்த முதல் தொகை யாரிடம் இருக்கும்?

நெருப்பு போட்டு உலர்த்தலாமே என்றால், தொட்டியை எரித்துப் புகைச் சூளையில் வேகமாகக் காயவைக்கும்போது வெளிப்பக்கம் இறுகிவிடும், உள்ளே ஈரம் அகப்பட்டுக்கொள்ளும். பார்வைக்குக் காய்ந்த பருப்பு, மூட்டையில் பத்து நாள் இருந்தால் நடுவில் கறுக்கும். கந்தகம் போட்டால் வெள்ளையாக நிற்கும். தின்னும் பொருளில் அதைச் செய்யக்கூடாது, மையத்திலும் அதை எடுக்க மாட்டார்கள்.

ஏழரை

கொள்முதல் மையத்தில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் கொடுத்துப் பதிந்து, ஏக்கருக்கு இவ்வளவுதான் என்ற வரம்புக்குள் மூட்டையைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். தர அளவுகள்: அயல் பொருள் 1 சதவீதம், பூஞ்சாணம் பிடித்ததும் கறுத்ததும் 10, சுருக்கம் விழுந்தது 10, சில்லு 10, ஈரப்பதம் 6. முதல் நாலும் கண்ணுக்குத் தெரியும். ஐந்தாவது தெரியாது. நாலைந்து மூட்டையிலிருந்து மூடிகளை உருவி எடுக்கிறார்கள். ஒன்றைக் கையில் முறித்தால் 'டக்'கென்று சத்தம் வர வேண்டும். வளைந்து முறிந்தால் பச்சை. முறிந்த பக்கம் ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும்; நடுவில் ஒரு மெல்லிய கோடு கண்ணாடி போலப் பளபளத்தால் ஈரம் இன்னும் அங்கே நிற்கிறது. அப்புறம் மீட்டர். "ஏழரை காட்டுதுங்க. இன்னொரு காய்ச்சல் போட்டுட்டு வாங்க."

ஏழரை என்றால் எவ்வளவு தண்ணீர்? 143 கிலோவுக்குப் பதில் 145 கிலோ சொச்சம் இருக்கிறது என்று அர்த்தம். 127 லிட்டரில் ஏறக்குறைய 125 லிட்டர் போய்விட்டது. போகாமல் நிற்பது இரண்டே கால் லிட்டர். அதற்காக மொத்தச் சுமையும் திரும்புகிறது. அந்த நேரத்தில் தோப்புக்காரருக்கு மூன்று வழிதான். விற்பனைக்கூடத்தின் களத்தில் இடம் இருந்தால் அங்கேயே பரப்பி ஒரு நாள் காவல் இருக்கலாம். இன்னொரு முறை வாடகையும் ஏற்றுக்கூலியும் கொடுத்து வீட்டுக்குத் திருப்பலாம். இல்லையென்றால், வெளியே நிற்கும் வியாபாரிக்குச் சந்தை விலைக்குத் தள்ளிவிடலாம். மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது. 15,500 ரூபாய்ப் பருப்பு வாசலைத் தாண்டியதும் 11,000 ரூபாய் ஆகிவிடுகிறது. அதே பருப்பு வேறொரு களத்தில் ஒரு நாள் காய்ந்து, யாரோ ஒருவருடைய சிட்டாவோடு அதே வாசலுக்குத் திரும்பி வருவதும் நடக்கிறது. சிட்டாவைக் கொடுத்தவருக்குக் கைச்செலவுக்கு ஏதோ கிடைத்திருக்கும். கணக்குப் புத்தகத்தில் அது விவசாயி விற்ற கொப்பரை.

6 சதவீதம் என்ற வரம்பைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு மேல் ஈரம் இருந்தால் கிடங்கில் மாதக்கணக்கில் அடுக்கி வைக்கும் மூட்டையில் பூஞ்சை வரும், அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு வரும், எண்ணெயில் காரல் ஏறும். அளவு சரி, அளக்கும் இடம்தான் தவறு. வண்டி வாடகை கொடுத்து இருபது கிலோமீட்டர் வந்தபின் அளப்பதற்குப் பதில், ஊர்த் தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு ஈரப்பத மீட்டர் இருந்தால் ஐந்தாம் நாள் சாயங்காலமே தெரிந்துவிடும். மீட்டர் இல்லாதவர்கள் செய்யக்கூடியது இதுதான்: கடைசி நாள் பருப்பைக் குவித்து இரவு முழுக்க மூடி வைக்க வேண்டும். உள்ளே நிற்கும் ஈரம் அதற்குள் சமமாகப் பரவிவிடும். காலையில் குவியலின் ஓரத்தில் இருப்பதை விட்டுவிட்டு நடுவிலிருந்து பத்து மூடி எடுத்து முறித்துப் பார்க்க வேண்டும். ஒன்று வளைந்தாலும் இன்னொரு நாள் வெயில் காட்ட வேண்டும். களத்துச் சூட்டோடு மூட்டை கட்டக்கூடாது. ஆறவிட்டு, சணல் சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்க வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்து, காலையில் சரியாக இருந்த பருப்பே மையத்தில் ஏழைத் தாண்டிக் காட்டும்.

சுருக்கப் பருப்புக்கும் விலைச் சரிவுக்கும் ஒரு நேரடி உறவு உண்டு. பணம் தேவைப்படும்போது வெட்டு முன்னால் வருகிறது. பன்னிரண்டு மாதக் குலையோடு பத்து மாதக் குலையும் இறங்குகிறது. இளங்காயின் பருப்பு காய்ந்தால் ரப்பர் மாதிரி ஆகும், சுருங்கும், எடை நிற்காது. 10 சதவீத வரம்பு அங்கேயே தாண்டிவிடுகிறது.

மரத்துக்குள் இருக்கும் 44 மாதம்

இதுவரை சொன்னது இறங்கிய காயின் கதை. விலைச் சரிவுக்கு விவசாயி தரும் உண்மையான பதில் மரத்தடியில் நடக்கிறது. அதை யாரும் பதிவு செய்வதில்லை.

வளர்ந்த நெட்டை மரத்துக்கு ஆண்டுக்குத் தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. இரண்டாகப் பிரித்து ஆனி ஆடியிலும் மார்கழி தையிலும், மரத்தைச் சுற்றி ஆறடி ஆரமுள்ள வட்டப்பாத்தியில் இட வேண்டும். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். யூரியா 91 கிலோ, ஏறக்குறைய 2 மூட்டை. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு வீதம் 540 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பொட்டாஷ் 140 கிலோ, 3 மூட்டைக்குச் சற்றுக் குறைவு. 2022-ல் 50 கிலோ மூட்டை 1,700 ரூபாய் விற்றபோது அதற்கு 4,760 ரூபாய். 10 ரூபாய்க் காயில் 476 காய். யூரியாவுக்கு 54 காய், பொட்டாஷுக்கு 476 காய் என்றால் எதை நிறுத்துவார்கள்? 2010-ல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது மணிச்சத்தும் (சூப்பர் பாஸ்பேட்) சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) அதற்குள் போயின. அவற்றின் விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்குகிறது. யூரியா மட்டும் அரசு நிர்ணயித்த விலையில் நின்றது. மானியம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, கையில் காசில்லாத விவசாயியும் அந்தப் பக்கமே சாய்வார். அது அறியாமையால் வருவதில்லை. யூரியா மட்டும் போனால் ஓலை பச்சைப்பசேலென்று நிற்கும். காய் சிறுக்கும், பருப்பு மெலியும். ஏழு காய்க்கு ஒரு கிலோ என்பது ஒன்பது காய்க்கு ஒரு கிலோ ஆகும். 1,000 காய்க்கு 143 கிலோ கிடைத்த இடத்தில் 111 கிலோ. மேலே போட்ட கணக்கு முழுக்க அங்கேயே விழுந்துவிடுகிறது: 111 கிலோவை ஆதார விலைக்குப் போட்டாலும் வருவது 12,000 ரூபாய்தான்.

அதோடு முடியவில்லை. தென்னையில் பாளைக்கான கரு உருவாகிப் பாளை வெடிக்க 32 மாதம், வெடித்த பாளை முற்றிய குலையாக 12 மாதம். 44 மாதம் மரத்துக்குள் நடக்கும் வேலை அது. 2022-லும் 2023-லும் உரத்தை நிறுத்திய, தண்ணீரைக் குறைத்த, 2016-லிருந்து இந்தப் பக்கம் பரவிய சுருள் வெள்ளை ஈக்கும் அதன் பின்னால் மட்டையில் படியும் கரும்பூசணத்துக்கும் செலவு செய்ய முடியாமல் விட்ட தோப்பில், அந்த விளைவு அந்த வருடமே தெரியவில்லை. காய் வழக்கம்போல இறங்கியது. குறைந்தது பின்னால்தான். 2025 நடுவில் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. ஆதார விலையோ அந்த ஆண்டு 115 ரூபாய் 82 காசு. மையத்தின் பக்கம் போக யாருக்கும் அவசியமே இல்லாமல் போனது. "வெலதான் ஏறிடுச்சே, இன்னும் என்ன?" என்று அப்போது கேட்டார்கள். வெட்டுக்கு 20 காய் எதிர்பார்த்த மரத்தில் 10 இறங்கினால், விலை இரட்டித்தும் கையில் வருவது பழைய தொகைதான்.

வேறு பதில்களும் உண்டு. இளநீராக விற்பது அதில் நல்லது. ஏழாம் மாதத்திலேயே பணம், களம் வேண்டாம், மீட்டர் வேண்டாம். ஆனால் இளநீர் வண்டி நிற்கிற சாலையோரத் தோப்புக்குத்தான் அது வாய்க்கும். பாளையிலிருந்து இறக்கும் புளிக்காத சாறான நீராவுக்கு 2017-ல் தமிழ்நாடு அனுமதி கொடுத்தது. பாளை சீவ ஆளும், இறக்கிய நிமிடத்திலிருந்து குளிர்ச்சியும் வேண்டும், தனி ஒருவரால் ஆகாது. பல ஆண்டாகத் தோப்புக்காரர்கள் கேட்டு வருவது, 2007-லிருந்து ரேஷனில் மானிய விலைக்குக் கொடுக்கும் பாமாயிலின் இடத்தில் தேங்காய் எண்ணெய். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை 2024 செப்டம்பரில் ஏற்றி, 2025 மே இறுதியில் கச்சா சமையல் எண்ணெய்க்கு அடிப்படை வரியைப் பாதியாகக் குறைத்தார்கள். நகரத்து எண்ணெய் விலைக்காக எடுக்கும் அப்படி ஒரு முடிவு காங்கேயம் களம் வரை வந்து சேரும். கொள்முதல் செய்து கிடங்கில் வைத்த கொப்பரையும் ஒரு நாள் சந்தைக்குத் திரும்பத்தான் வேண்டும். விலை சற்றுத் தலைதூக்கும் நேரத்தில் அது ஏலத்துக்கு வந்தால், தாங்கிப் பிடித்த கையே அமுக்கியதாகிவிடும்.

காயாகவே வாங்கினால்

கேரளத்தில் உரித்த பச்சைத் தேங்காயையே அரசு எடைக்கு வாங்கியது. 2022-ல் கிலோ 32 ரூபாய், 2023-ல் 34. உரித்த காய் ஒன்று அரைக் கிலோ என்றால் 17 ரூபாய். இந்தப் பக்கம் 10 ரூபாய்க்கு இறங்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில் இது நடந்தது. அங்கும் மையங்கள் போதாது என்ற குறை இருந்தது. இருந்தாலும் விவசாயி எதை விற்கிறாரோ அதை வாங்கினார்கள்.

இங்கே அதற்குப் பெரிதாகப் புதுப் பணம் தேவையில்லை. 1,000 காய், 500 கிலோ. அதிலிருந்து வரும் 143 கிலோ பருப்புக்கு 2023 ஆதார விலையில் 15,500 ரூபாய். அதைக் காய் எடையாக மாற்றினால் கிலோ 31 ரூபாய். அரசு ஏற்கெனவே தருவதாகச் சொன்ன விலைதான் இது. கூடுவது காயவைக்கும் செலவு. மட்டையை உரித்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்பதால் தொட்டி அரசுக்கு, அதைக் கரிக்கு விற்றால் அந்தச் செலவில் ஒரு பங்கு திரும்பும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் மக்காச்சோளத்துக்கும் நிலக்கடலைக்கும் போட்ட உலர்களங்கள் இருக்கின்றன. பொள்ளாச்சியில் சாரல் அடித்தால் வெள்ளகோவிலுக்கு லாரியில் அனுப்ப அரசால் முடியும். ஐந்து ஏக்கர்காரரால் முடியாது. பூஞ்சை வராமல் காயவைக்கும் பொறுப்பும், ஏழரையை ஆறாக்கும் பொறுப்பும் களம் வைத்திருப்பவரிடம் போய்ச் சேரும்.

உரித்த அன்றைக்கே டிராக்டரில் ஏற்றிவிடலாம். காய் முற்றியதா என்று பார்க்க அங்கே மீட்டர் வேண்டாம். கையில் எடுத்துக் காதருகே குலுக்கினால் தண்ணீர் ஆட வேண்டும், இரண்டு காயை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ஏற்றும்போதே தட்டிப் பார்த்து, மொத்தையாகச் சத்தம் தருவதை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுத்தான் எந்தத் தோப்புக்காரரும் மீதியை வண்டிக்குக் கொடுப்பார்.